அக்குறணையில் தைத்த விமான உறை

1

என் விமானம் இனிப் பறக்கத் தகாதது என்று எழுதிக் கொடுக்கப்பட்டு இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. நாட்களைக் குறித்து வைப்பது என் பழக்கம். வீசா கிடைத்த நாள், முதல் பனியைப் பார்த்த நாள், மகனுக்குக் குரல் உடைந்த நாள் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. வீட்டில் மற்றவர்கள் மறந்தால் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். இந்த நாளைப் பற்றி மட்டும் யாரும் கேட்கப் போவதில்லை.

இரண்டு கிழமை லீவில் வந்து, கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் நான் கட்டிய வீட்டின் மேல்மாடியில் இருந்து இதை எழுதுகிறேன். வழமையாக இங்கிலாந்திலிருந்து ஊரை நினைத்து எழுதுகிறவன் நான். இந்த முறை ஊரிலிருந்து அங்கே நடந்ததை எழுத வேண்டியிருக்கிறது.

விமானம் என்றதும் இங்கே உள்ளவர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளராக வேலை செய்கிறவன். என் விமானம் நான்கு பேர் நெருக்கிக்கொண்டு உட்காரக்கூடிய ஒற்றை எஞ்சின் வண்டி. வயதில் எனக்கு மூத்தது. அதை வாங்கிய விலைக்கு இன்று கண்டியில் ஓடக்கூடிய ஒரு பழைய வேன்கூடக் கிடைக்காது. வாங்குவது பெரிய காரியமல்ல. எங்கே வைப்பது என்பதுதான் காரியம்.

2

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில், மலை என்பதே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரில் இருக்கிறோம். நான் வளர்ந்த அக்குறணையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை குறுக்கே நிற்கும். அங்கே பார்வை போய் முட்டுவதற்கு ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் ஒரு புல் விமானத் தளம். புல்வெளியின் ஓரத்தில் சிறு விமானங்கள் வரிசையாக வெளியே நிற்கும். இறக்கைகளும் வாலும் நிலத்தில் அறைந்த இரும்பு வளையங்களோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். முதன்முதல் பார்த்தபோது ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொண்டுவந்து கட்டிய மாடுகள்தான் என் நினைவுக்கு வந்தன.

வெளியே நிறுத்துவது மலிவு. ஆனால் மழையும் காற்றும் வெயிலும் அதன்மேல்தான். எஞ்சினுக்குள் குருவி கூடு கட்டும். இரவுக் குளிரில் எரிபொருள் தொட்டிக்குள் தண்ணீர் வியர்க்கும். ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முன் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்க்க வேண்டும். ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகைக்குள் வைத்தால் இந்தத் தொல்லைகள் குறைவு. அதற்கு வாடகை பல மடங்கு. கொட்டகைக்குள்ளும் பிரச்சினை இல்லாமலில்லை. ஒன்றின் இறக்கைக்குக் கீழே மற்றதன் மூக்கைச் செருகி அடுக்கியிருப்பார்கள். யாராவது தன்னுடையதை இழுக்கும்போது உன்னுடையதை இடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் போய்விடுவார்.

வாடகை கொடுக்கத் தயாராக இருந்தாலும் இடம் கிடைக்காது. காத்திருப்போர் வரிசை உண்டு. அந்த வரிசையில் பெயரைப் போடுவதற்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஒரு குழு. குழு கூடுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிரதேச சபையில் வீட்டுப் பிளானுக்கு அனுமதி எடுத்து வளர்ந்த எனக்கு இதில் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. ஒரேயொரு வித்தியாசம், அங்கே தேநீர் கொடுத்துக் காக்க வைக்கிறார்கள்.

3

விமானம் வாங்கியபோது என் மகன் ரய்யானுக்குப் பதின்மூன்று வயது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே அவன் தமிழை விட்டுவிட்டான். பள்ளிக்கூட வாசலில் நான் "மகன், வாங்க" என்று கூப்பிட்டதைக் கேட்டு யாரோ சிரித்திருக்கிறார்கள். அதன்பிறகு நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். பிறகு பதிலும் குறைந்தது. மேல்மாடியிலிருந்து கீழே இருக்கும் தாய்க்குக் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புகிற வீடாக எங்கள் வீடு ஆனது.

விமானத்துக்குள் எஞ்சின் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. காதுக்கருவி மாட்டிக்கொண்டு, வாய்க்கு முன்னால் உள்ள ஒலிவாங்கியில் பேச வேண்டும். அந்தப் பேச்சு அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்கும். வாங்கிய வருடத்துக் கோடையில் ஒருநாள், வயல்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது காதுக்குள் ஒரு குரல்:

"வாப்பா, அந்தா மேகம் பழுதாகுது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று பயம்.

"ஓ மகன். எந்தப் பக்கம் திரும்புவோம்?"

"சோத்துக்கைப் பக்கம்."

தாயிடமிருந்து எடுத்த சொல். வலது என்ற சொல் அவனிடம் இல்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. தளத்தோடு வானொலியில் ஆங்கிலம், எங்களுக்குள் தமிழ். பறப்பதற்கு முன்பும் தரையிறங்கி நிறுத்திய பின்பும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. ஒருவர் கேட்க, மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதையும் தமிழாக்கிக்கொண்டோம். "எண்ணெய்?" என்பான். "மூடியாச்சு" என்பேன். "சாவி?" "வெளியே." "கயிறு?" "கட்டியாச்சு." எல்லாம் முடிந்த பிறகு, எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு கேள்வியை அவனாகவே சேர்த்திருந்தான்.

"ஆக்கள்?"

"ரெண்டு பேர்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே காருக்கு நடப்போம். கார்க் கதவு மூடியதும் ஆங்கிலம். வீட்டுக்குப் போனதும் அதுவும் இல்லை.

கிழமைக்கு ஒருமுறை, வானம் இடம் கொடுத்தால், ஒரு மணி நேரம். என் மகனோடு நான் பேசியதெல்லாம் அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குத் தேவையும் இருக்கவில்லை.

4

விமானம் வாங்கி ஆறு வருடம் கழித்து ஹேங்கரில் இடம் வந்தது. ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள்.

அதே மாதத்தில்தான் குண்டசாலை வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருந்தது. சுவர்கள் எழும்பி, மேல்தட்டு போட்டு, வேலை நின்றுபோயிருந்தது. மழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் கட்டிய சுவரும் ஊறிவிடும் என்று மனைவியின் கூடப்பிறந்த நானா இல்யாஸ் மச்சான் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டுக்கும் சேர்த்து என் சம்பளம் போதாது.

"இறங்கின ஒடனே போறதுக்கு எங்கட ஊர்ல எங்கட ஊடு ஒண்டு வேணும்" என்றாள் மனைவி நஸீமா. "ப்ளேனுக்கு ஊடு கட்டிக் குடுக்க வேணாம்னு செல்லல்ல. மொதல்ல மனுசருக்குக் கட்டுங்க."

ரய்யான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான், ஆங்கிலத்தில். அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்?

"நீதான். மேல்மாடியில் ஒனக்கு ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும்" என்றேன்.

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். நான் கூரைக்குப் பணம் அனுப்பினேன். விமானத்துக்கு நல்ல உறை ஒன்று தைத்துக் கட்டிவிட்டால் வெளியே நின்றாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடையில் கிடைக்கிற உறைகள் விலை அதிகமாகவும் துணி மெல்லியதாகவும் இருந்தன. அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, இது கண்டி மழைக்கு ஒரு நாள் தாங்காதே என்று திருப்பி வைத்தேன்.

அந்த டிசம்பர் லீவில் அளவுகளோடு அக்குறணைக்குப் போனோம். மாத்தளை வீதியில் த்ரீவீலருக்கு ஹூட் தைக்கிற ஃபாரூக் நானாவை எனக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். அளவுகளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது எனத்துக்கு? பஸ்ஸா?"

"இல்ல நானா. ப்ளேன்."

"ஓ, ப்ளேன்." ஒரு விநாடி யோசித்தார். "ரெண்டு டோரா, நாலு டோரா?"

வாசலில் ஹூட் மாட்டக் காத்திருந்த த்ரீவீலர்காரர் சிரித்தார். "எங்கட வண்டிக்கு இவர் ரெண்டு கெழம செல்லுற. ப்ளேன் வந்தா இப்பவே மெசினப் போடுவார், பாருங்க."

"டே, ஒன்ட வண்டிய வெளிநாட்டுக்காரன் பாக்கப் போறானா? இத பாப்பான்" என்றார் ஃபாரூக் நானா. பிறகு ரய்யானின் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஓட்டுறயா மகன்?"

ரய்யான் ஆங்கிலத்தில் ஆம் என்றான்.

"தமிழ் வராதா இவருக்கு?"

வரும், ஆயிரத்தைந்நூறு அடி உயரத்தில் வரும் என்று நான் எப்படிச் சொல்வது?

வெளியே தடித்த ரெக்சின், உள்ளே பொலித்தீன், தையல் வழியெல்லாம் பசை நாடா. மூன்று துண்டுகளாகத் தைத்தார், உடலுக்கு ஒன்று, இறக்கைகளுக்கு ஒவ்வொன்று. கடைசி நாள் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் காட்டினார்.

"ஒரு சொட்டு உள்ளுக்குப் போகாது தம்பி. போனா என்ட பேர மாத்துங்க."

இடது இறக்கை என் பெட்டியில், உடல் நஸீமாவின் பெட்டியில், வலது இறக்கை ரய்யானின் பெட்டியில். அந்த முறை தேயிலையும் இல்லை, தொதல் இனிப்பும் இல்லை.

5

இரண்டு குளிர்காலம் விமானம் அந்த உறைக்குள் நின்றது. தளத்தில் உள்ளவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். புயலில் பக்கத்து விமானத்தின் உறை கிழிந்து வேலியில் தொங்கியபோது எங்களுடையது அசையவில்லை. படம் எடுத்து ஃபாரூக் நானாவுக்கு அனுப்பினேன். அவர் அதைக் கடையில் சட்டம் போட்டு மாட்டினாராம்.

வருடாந்தச் சோதனை கட்டாயம். உறை போட்ட முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வருடம் சோதிக்கும் பொறியியலாளர், ஹெலன் என்ற அமைதியான பெண், இறக்கையின் அடியில் ஒரு தகட்டைக் கழற்றிவிட்டு என்னை அழைத்தார். கைவிளக்கைப் பிடித்துக் காட்டினார். இறக்கையைத் தாங்குகிற முதன்மைச் சட்டத்தில், நீள நெடுக, வெள்ளைத் தூள் பூத்திருந்தது. பார்க்கப் பயமாக ஒன்றுமில்லை. நம் வீடுகளில் ஈரச் சுவரில் பூக்கிற உப்பைப் போலத்தான் இருந்தது. விரலால் தொட்டார். உலோகம் ஏடு ஏடாகப் பிரிந்தது.

"உங்கள் உறைக்குள் காற்றுப் போகுமா?" என்று கேட்டார்.

"போகாது. தண்ணீரே போகாது."

அவர் பக்கத்தில் கிடந்த உறையின் ஓரத்தைத் தூக்கி உள்பக்கத்தைக் காட்டினார். பொலித்தீன் முழுக்க வியர்த்திருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்டியில் மூடுவது பாதி வேலை. ஒரு மணி நேரம் மழை பெய்து வெயில் எட்டிப் பார்த்தால் தெரு முழுக்கத் திறக்கும். த்ரீவீலரின் பக்கச் சீலையைச் சுருட்டிக் கட்டுவார்கள். லொறியை மூடிய படங்கை இழுத்து மதிலில் போடுவார்கள். மெத்தை, தலையணை, அலுமாரியில் உள்ள ஓதுகிற கிதாபுகள், எல்லாம் வாசலுக்கு வரும். மழை திரும்ப இருட்டினால் எல்லாம் உள்ளே போகும். ஒரு நாளில் மூன்று தரம் இது நடக்கும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கிற விசயமல்ல. வீட்டில் ஆள் இருக்கும், ஆள் திறக்கும். ஃபாரூக் நானா தைத்த உறை அந்த ஆளையும் சேர்த்து நினைத்துத் தைத்தது. நான் உறையை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். கிழமை நாட்களில் வெயில் வரும்போது நான் மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மழை என்றால் உறையைத் தொடாமலே திரும்பி வந்தேன், நனைந்துவிடுமே என்று.

மெல்லியது என்று கடையில் திருப்பி வைத்தேனே, அந்தத் துணி காற்றுப் போகட்டும் என்றுதான் மெல்லியதாக நெய்யப்பட்டிருக்கிறது. ஒன்றுமே போடாமல் மழையில் விட்டிருந்தால்கூட விமானம் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்றார் ஹெலன், நான் கேட்டதால்.

சட்டத்தை மாற்றும் செலவுக்கு இன்னொரு விமானம் வாங்கலாம். பறக்கத் தகாதது என்று எழுதிக் கொடுத்தார். போன வருடம், இன்றைய தேதி.

6

எஞ்சினை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், கருவிகளை இன்னொருவர். மிச்ச உடலைத் தீயணைப்புப் பயிற்சிக்கு என்று தளத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். அது பல தடவை எரிக்கப்பட்டு, பல தடவை அணைக்கப்பட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை.

ரய்யானிடம் தொலைபேசியில்தான் சொன்னேன். அப்போது அவன் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். பரவாயில்லை, அது வெறும் விமானம்தானே என்றான், ஆங்கிலத்தில். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பிடிமானம் இருந்திருக்கும். என்னை ஆறுதல்படுத்துகிற குரலில், நோயாளியோடு பேசுகிறவன்போல் பேசினான். பிறகு ஸ்கொட்லாந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். முன்பு சனிக்கிழமைகளில் வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது பெருநாளுக்கு வருகிறான். வந்தால் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறோம். இன்னொரு விமானம் வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். இப்போது நேரமில்லை வாப்பா என்றான். அந்த ஒரு சொல்தான் அவனிடம் மிஞ்சியிருக்கும் தமிழ்: வாப்பா.

உறை மட்டும் இங்கிலாந்து வீட்டில் கிடந்தது. இரண்டு மாதத்துக்கு முன் இல்யாஸ் மச்சான் அழைத்தார்.

"மச்சான், ஒங்கட ஊட்டுக்கு மேல கொரங்கு குடித்தனம். ஓட்ட ஒண்டொண்டா கழட்டி எறியுது. மேல் ரூமுல ஒழுகுற."

"ஆள் அனுப்பி மாத்துங்களேன்."

"மாத்தின. மூணாம் நாள் திரும்ப வந்த. ஆள் இல்லாத ஊடுன்னு அதுகளுக்குத் தெரியும். எங்கட ஊட்டுக்கு மேல ஏறுதா? ஏறாது. எங்கட ஊட்டுப் பொம்புள வெளக்குமாத்தோட நிக்கிற." பிறகு ஒரு செருமல். "அந்த ப்ளேன்ட சட்ட சும்மா தானே ஈக்கி. அத கொண்டு வாங்க. இழுத்துக் கட்டுவோம்."

கொண்டுவந்தேன். நஸீமாவுக்கு லீவு இல்லை, அவள் வரவில்லை. மூன்று துண்டுகளையும் நானே சுமந்தேன். வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து வந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். உறையின் உள்பக்கத்தில் இருந்த அதே மணம். நான் அனுப்பி வைத்திருந்த புத்தகங்கள் அலுமாரிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மேல் அறை ஜன்னல் ஊதி, சட்டத்தில் இறுகி, திறக்க மறுத்தது. மலை கண்ணாடிக்கு அப்பால் பச்சையாய்க் கலங்கித் தெரிந்தது. சாவி மச்சானிடம்தான் இருந்தது. அவருக்கும் கடை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. ஜன்னல் திறப்பதற்காக யார் கிழமைக்கு மூன்று தரம் வருவார்கள்?

நேற்றுக் காலையில் இரண்டு பேர் ஏறி உறையைக் கட்டினார்கள். உடல் மகனின் அறைக்கு மேலே, இறக்கைகள் இரண்டு பக்கமும். தைத்த வடிவத்தை மாற்ற முடியாதல்லவா? சந்தியில் நிற்கிற த்ரீவீலர்காரர் இன்று என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஊட்டுக்கு மேல ப்ளேன் ஒண்டு எறங்கி நிக்குதே, அது ஒங்கட ஊடா?"

"ஓ."

"இனி நல்லம். வழி செல்ல லேசு."

7

இன்று பின்னேரம் ரய்யானை வீடியோவில் அழைத்தேன். அவன் வேலையிடத்தில் இருந்தான். முற்றத்தில் இறங்கி நின்று கைத்தொலைபேசியின் முகத்தை அப்படியே மேலே திருப்பிக் கூரையைக் காட்டினேன். முதலில் சிரித்தான், வெகுகாலத்துக்குப் பிறகு. அது எந்த அறை என்று கேட்டான்.

"ஒன்ட அறை."

சிரிப்பு நின்றது. எனக்குத் தொலைபேசியை என் பக்கம் திருப்பத் தோன்றவில்லை. கூரையையே காட்டிக்கொண்டு நின்றேன். அவனுக்கு நானும், எனக்கு அவன் முகமும் தெரியாமல், குரல் மட்டும் இருந்தது, முன்பு போல. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

"வாப்பா" என்றான். "கயிறு?"

"கட்டியாச்சு."

"சாவி?"

"வெளியே."

தொலைபேசியைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"ஆக்கள்?"

திரும்பி வீட்டைப் பார்த்தேன். கீழே கதவு திறந்து கிடந்தது.

"ஓராள்தான் மகன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் யாரோ அவனை ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். பிறகு எடுக்கிறேன் என்று அவனும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தான்.

மழை பிடித்தது. மேலே வந்து அவனுடைய அறையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். கட்டில் வாங்கவில்லை. சுவருக்கு நிறம் அவனே தெரிவு செய்யட்டும் என்று விட்டது அப்படியே வெள்ளையாக இருக்கிறது. ஒரு மணி நேரமாகத் தலைக்கு மேலே ரெக்சினில் அடித்துக்கொண்டிருக்கிறது. ஃபாரூக் நானா பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.